மேசை எஸ்இஎம்: மூன்று வருடமாக ஒரே எரிச்சல்

மேசைமேல் வைக்கிற எஸ்இஎம்மில், அதாவது எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் நுண்ணோக்கியில், எலக்ட்ரானை உமிழும் கம்பியான ஃபிலமென்ட் எரிந்து, மாற்றி, கருவி மறுபடி ஓடுகிறது. அதே நேரத்தில் நண்பர் கேட்கிறார்: "விலை இறங்கியிருக்கிறதாமே, பிசிஎல் ஸ்கஃபோல்டு பார்க்க வாங்கலாமா?" பிசிஎல் உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்; செல்கள் ஒட்டி வளர அதில் செய்யும் நுண்ணிழை வலைதான் அவர் சொல்லும் ஸ்கஃபோல்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மாதிரியை ஒட்டிய ஸ்டப்பை (சிறு உலோகத் தட்டு) உள்ளே வைத்தால் ஐந்து நிமிடத்தில் படம். பெரிய எஸ்இஎம்முக்கு வாரக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். உறைய வைத்து உலர்த்திய ஜெலட்டின், உப்பைக் கரைத்தெடுத்த பிஎல்ஜிஏ (இதுவும் சிதையும் பாலிமர்தான்) என 100, 200 மைக்ரான் துளை உள்ளவற்றுக்குத் தங்கப் பூச்சே வேண்டாம். குறை வெற்றிடத்தில் சார்ஜிங் (மாதிரியில் மின்னூட்டம் தேங்கிப் படம் கெடுவது) அடங்கிவிடும். ஜெலட்டினில் ஈரம் மிச்சமிருந்தால் பம்ப் திணறும். முந்தின இரவே டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) போட்டு வையுங்கள்.

எரிச்சல் மின்னழுத்தத்தில். எலக்ட்ரானை முடுக்க 5, 10, 15 கேவி (கிலோவோல்ட்) என மூன்றே படி, அவ்வளவுதான். உலோகம் பார்ப்பவர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். பிசிஎல்லோ 60 டிகிரியிலேயே உருகுகிற சாமான். 10 கேவியில் 5000 மடங்கு உருப்பெருக்கத்துக்குப் போய் ஃபோகஸைத் திருகிக்கொண்டே இருந்தால், கண்ணெதிரே இழை துவண்டு பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதையே "இழைகள் சந்திப்பில் இணைந்துள்ளன" என்று ஆய்வேட்டில் எழுதுவது! மடங்கைக் குறைத்துப் பாருங்கள். சேதம் சதுரமாகத் தெரிந்தால் அது பீம் (எலக்ட்ரான் கற்றை) செய்த வேலை.

5 கேவியிலும் நிம்மதி இல்லை. எலக்ட்ரான் பாலிமருக்குள் ஏறத்தாழ ஒரு மைக்ரான் இறங்கும். இழையின் விட்டம் 300 நானோமீட்டர் என்றால் அதைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள அடுக்கையும் சேர்த்துக் காட்டும். மேற்பரப்பின் நுண்குழிகள் மங்கிப்போகும். 1 கேவி இருந்தால் 100 நானோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். அந்த ஒரு படியை வைக்க என்ன கேடு?

சமாளிக்கும் வழி: ஃபோகஸ், அஸ்டிக்மேடிசம் (படம் ஒரு திசையில் இழுபடுவது) இரண்டையும் பக்கத்து இடத்தில் சரிசெய்து, பீமை மறைத்து, மாதிரி இருக்கும் ஸ்டேஜை நகர்த்தி, ஒரே ஸ்கேனில் படம் எடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் பொத்தானைத் தொடாதீர்கள். தங்கம் பூசுவதானால் 90 விநாடி ஒரே மூச்சில் ஓட விடாமல், 30 விநாடியாக மூன்று தடவை, நடுநடுவே ஒரு நிமிடம் ஆறவிட்டு. 10 நானோமீட்டர் பூச்சு விட்டத்தில் 20 நானோமீட்டரைக் கூட்டும். இமேஜ்ஜே மென்பொருளில் அளந்த பிறகு அதைக் கழியுங்கள். ஓரம் தூக்கி நிற்கிறதென்று சில்வர் பேஸ்ட் தடவினால் அதன் கரைப்பான் இழைகளுக்குள் ஊறி ஏறும். கார்பன் டேப் கீற்று போதும்.

சிதைவுச் சோதனைக்காக பிபிஎஸ்ஸில் (உடல் திரவம் போன்ற உப்புக் கரைசல்) ஊறிய துண்டை வடிநீரில் மூன்று முறை அலசாவிட்டால், உப்புப் படிகம்தான் படத்தில் வரும். உலர்த்த 60 டிகிரி ஓவனில் வைத்தால் பிசிஎல் கதை அங்கேயே முடிந்தது. அறை வெப்பநிலையில் வெற்றிடம் போதும். பிஎல்ஜிஏ இன்னும் கள்ளம். கனமான துண்டில் சிதைவில் உண்டாகி உள்ளே தேங்கும் அமிலம் உட்புறத்தை முதலில் கரைக்கும். வெளித்தோல் புதிதுபோல் இருக்கும். திரவ நைட்ரஜனில் முறித்துக் குறுக்குவெட்டையும் பார்க்காமல் "மாற்றமில்லை" என்று எழுதாதீர்கள்.

நண்பருக்குப் பதில்: நானோ இழைக்கு வாங்காதீர்கள். 1 கேவிக்கு இறங்குகிற கருவி இருக்கும் இடத்தில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிப் பார்ப்பது மேல். இங்கே? இன்னும் இரண்டு ஃபிலமென்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று.