ஒரே கியர்ல ப்ரெட்ஸ்லாவ் மாவட்டம்: வாடகை சைக்கிள் ரிவ்யூ

முதல்லயே மார்க் சொல்லிடறேன், சைக்கிளுக்கு 5க்கு 2, அது ஓடுன ஊருக்கு 5க்கு 5. கடை பேரு போடல, சின்ன கடை, ஸ்டேஷன்லருந்து நடக்கற தூரம், அந்த ஆளு பொழப்புல எதுக்கு மண்ணு போடணும்.

ப்ரெட்ஸ்லாவ்னா செக் நாட்டோட தெக்கு கோடி, தெற்கு மொராவியால ஆஸ்திரியாவும் ஸ்லோவாக்கியாவும் வந்து முட்டற இடம். பர்னோங்கற பெரிய நகரத்துலருந்து ட்ரெயின்ல அரை மணிநேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். வியன்னா பர்னோ லைன் 1839லயே இந்த ஊரு வழியா வந்துடுச்சு, அப்பலருந்தே இது ஜங்ஷன் ஊரு, ஊருக்குள்ள பாக்க பெருசா ஒண்ணும் இல்ல, இறங்கறோம், சைக்கிள எடுக்கறோம், கிளம்பறோம். இங்க மாவட்டத்துக்கு 'ஒக்ரெஸ்'னு பேரு. மாவட்ட ஆபீஸ்லாம் 2002 கடைசியோட இழுத்து மூடிட்டாங்க, ஆனா கோர்ட்டு, புள்ளிவிவரம்னு வந்தா இன்னும் ஒக்ரெஸ் கணக்குதான்.

சைக்கிள் விஷயத்துக்கு வரேன். ஒரு நாளுக்கு 450 கொருனா (செக் நாட்டு காசு), டெபாசிட் தனி, பூட்டும் ஹெல்மெட்டும் சேர்த்து குடுத்தாரு, பிரேக் நல்லா பிடிச்சுது, சீட்டு மட்டும் கல்லு. ஊர தாண்டி ரெண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், டக்குனு ஒரு சத்தம், கியர் மூணாவதுல போயி உக்காந்துடுச்சு. மேலயும் போகல கீழயும் வரல. திரும்பிப் போயி மாத்தலாம்னு தோணுச்சு, ஆனா ரோடு டேபிள் மாதிரி தட்டையா இருக்கு, எதுக்கு கியருன்னு அப்படியே விட்டுட்டேன். பண்ண முட்டாள்தனம் அதுதான். ஆனா ஒரு மாவட்டத்தோட மேடு பள்ளத்த காலால தெரிஞ்சிக்கணும்னா ஒரே கியர் போதும் சாமி, மேப்பே வேணாம்.

முதல் பாகம் சுகம். டியே ஆத்த ஒட்டி வெள்ளம் வந்து வந்து நிக்கற காடு, பெரிய பெரிய ஓக் மரம், நிழல்லயே மிதிக்கலாம். நின்னா மட்டும் செத்தோம், கொசு. செப்டம்பர்லயே இப்படின்னா ஜூன்ல எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு, க்ரீம் இல்லாம போகாதீங்க. நடுவுல யானோஹ்ராட்னு ஒரு இடிஞ்ச கோட்டை, இடிஞ்ச மாதிரியேதான் கட்டியிருக்காங்க, பணக்காரங்க விளையாட்டு.

அந்த பணக்காரங்க லீக்டென்ஸ்டைன் குடும்பம், இப்ப ஆல்ப்ஸ்ல குட்டியா ஒரு நாடு வச்சிருக்காங்களே அவங்களேதான். லெட்னிட்ஸே அரண்மனை, வல்டிட்ஸே அரண்மனை, நடுவுல இருக்கற குளம் காடு எல்லாம் சேர்த்து 1996ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு, கிட்டத்தட்ட 280 சதுர கிலோமீட்டர். அவங்க நாடே 160தான்! 1945ல இங்க இருந்த சொத்தெல்லாம் பறிமுதல் ஆச்சு, அந்த கோபத்துல செக் நாட்டோட தூதரக உறவே 2009லதான் வந்துச்சு. லெட்னிட்ஸே பார்க்குல மசூதி மினார் மாதிரி ஒண்ணு நிக்குது, 60 மீட்டர் கிட்ட, 302 படி. சர்ச் கட்டித் தரேன்னாராம் பிரபு, ஊர்க்காரங்க ஒத்துக்காம சண்டை போட்டாங்களாம், அப்ப இந்தா வச்சுக்கோங்கன்னு மினார கட்டிட்டாராம். கதைதான், ஆனா ஏறி முடிச்சு மூச்சு வாங்கறப்ப நம்பத் தோணுது. அரண்மனைக்குள்ள டூர் கூட்டம் அள்ளுது, நான் உள்ள போகல.

லெட்னிட்ஸே தாண்டினா குளங்கள். ஹ்லோஹோவெட்ஸ்ல குளத்தங்கரையில ஒரு சின்ன மாளிகை, பழைய காலத்துல மொராவியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லை சரியா அங்கதான் போச்சு. வல்டிட்ஸே ஊரே 1920 வரைக்கும் ஆஸ்திரியாதான், முதல் உலகப் போர் முடிஞ்ச ஒப்பந்தத்துல இந்தப் பக்கம் வந்துச்சு. அங்க அரண்மனை நிலவறையில நாட்டோட அந்த வருஷத்து சிறந்த 100 ஒயின வச்சு டேஸ்ட் பண்ண விடறாங்க. வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பிட்டேன், உள்ள போயிருந்தா நைட்டு தங்க வேண்டிய மிக்குலோவ் ஊருக்கு போய் சேர்ந்திருக்க மாட்டேன்.

இங்கருந்துதான் மூணாவது கியர் வேலைய காட்டுச்சு. வல்டிட்ஸே தாண்டினதும் ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நிலம் அலை அலையா ஏறி இறங்குது, கார்ல போனா தெரியவே தெரியாது, எனக்கு ஒவ்வொரு அலையும் தொடையில எழுதுச்சு. ரெண்டு இடத்துல இறங்கி தள்ளிட்டுதான் போனேன், தாத்தா ஒருத்தரு எலக்ட்ரிக் சைக்கிள்ல கைய ஆட்டிட்டு போறாரு. செட்லெட்ஸ் ஊரு பக்கத்துல நெசித், மொராவியாலயே பெரிய குளம், ஓரத்துல உப்பு மண்ணு, அதுல உப்புல வளர்ற செடிங்க இருக்குன்னு பாதுகாப்பு பகுதி ஆக்கி வச்சிருக்காங்க. கடலே இல்லாத நாட்டுல!

அப்புறம் எதிர்ல பாலாவா மலை. 550 மீட்டர் கிட்டதான் உயரம், ஆனா சுத்தி தட்டையா இருக்கறதால வெள்ளை சுண்ணாம்புக் கல்லு திடீர்னு எழுந்து நிக்கற மாதிரி இருக்கு. அந்த மலைக்கு அந்தப் பக்கம் டோல்னி வியெஸ்டோனிட்ஸே, 1925ல சுட்ட களிமண் பெண் பொம்மை கிடைச்ச ஊரு, 11 சென்டிமீட்டர்தான், வயசு 25 ஆயிரம் வருஷத்துக்கும் மேல. அங்க போக இன்னொரு நாளு வேணும், இன்னொரு சைக்கிளும்.

மிக்குலோவ் கோட்டை நிலவறையில 1643ல செஞ்ச ஒரு பீப்பா, லட்சம் லிட்டருக்கு மேல பிடிக்கும், நான் பாத்ததும் முதல்ல இத எப்படி கழுவுவாங்கன்னுதான் யோசிச்சேன். நைட்டு ஒரு குடும்பத்தோட ஒயின் நிலவறை, சுவரெல்லாம் கருப்பா பூஞ்சை, அது அழுக்கு இல்ல, அதுதான் பெருமை. அந்த அம்மா கண்ணாடிக் குழாயால பீப்பாவுலருந்து உறிஞ்சி கிளாஸ்ல விட்டாங்க, குழாய்க்கு 'கோஷ்டீர்ஷ்'னு பேரு. பாலாவான்னு மலை பேர்லயே ஒரு திராட்சை, இந்த நாட்டுலயே கலப்பினமா உண்டாக்குனது, ரோஜா வாசனை, கொஞ்சம் இனிப்பு. புர்ச்சாக்கும் குடிச்சேன், பாதி புளிச்ச திராட்சைச் சாறு, ஆகஸ்ட்லருந்து நவம்பர் வரைக்கும்தான் விக்கலாம்னு சட்டமே இருக்கு. ஜூஸ் மாதிரி இறங்குது, அப்புறம் எழுந்துக்கறப்பதான் விஷயம் தெரியுது. சைவம்னா வறுத்த சீஸும் உருளையும்தான், வேற கேக்காதீங்க. செப்டம்பர் அறுவடைத் திருவிழா வாரத்துல ரூமே கிடைக்காது, நான் அதுக்கு அடுத்த வாரம் போனேன்.

மறுநாள் சைக்கிளோட ட்ரெயின் ஏறி ப்ரெட்ஸ்லாவ் வந்து கடையில குடுத்தேன், ஒரு நாளு லேட்டு, அதுக்கு காசு கேக்கல. கியர் மூணுலயே நிக்குதுன்னு காட்டுனேன். அவரு ரெண்டு தரம் முறுக்கிப் பாத்துட்டு, எது வரைக்கும் போனீங்கன்னாரு, மிக்குலோவ்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு கல்லாவுலருந்து 100 கொருனா எடுத்து நீட்டுனாரு. அந்த ரெண்டு மார்க்ல ஒண்ணு பிரேக்குக்கு, இன்னொண்ணு அந்த நூறுக்கு.