ப்ரோட்டானா, டூட்டாவா? விபிஎன்னுக்கு முல்வாடா?

ஜிமெயிலை விட்டு நகரலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு பெயர்கள்: ஜெனீவாவின் ப்ரோட்டான் மெயில், ஜெர்மனியில் ஹனோவரின் டூட்டா (2023 வரை டூட்டானோட்டா). இரண்டிலும் அஞ்சல்பெட்டியின் பூட்டு நம் கடவுச்சொல்லைச் சார்ந்தது. உள்ளே சேமித்து வைத்த மெயில்களை நிறுவனமே நினைத்தாலும் திறந்து படிக்க முடியாது.

வித்தியாசம் அதற்கு அடுத்த அடுக்கில்தான். ப்ரோட்டான், மெயிலைப் பூட்டுவதற்கு யாரும் பயன்படுத்தக்கூடிய பிஜிபி என்ற பழைய பொது முறையில் இயங்குகிறது. அதனால் வேறு எங்கோ கணக்கு வைத்து பிஜிபி பயன்படுத்துபவருடனும் என்க்ரிப்ஷனோடு, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, எழுதிக்கொள்ளலாம். ஆனால் மெயிலின் தலைப்பு வரிக்கு அந்த முழுப் பாதுகாப்பு கிடைக்காது. "விவாகரத்து மனு நகல்" என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் மூடி என்ன பயன்? டூட்டா தனக்கென்று ஒரு முறையை உருவாக்கி, தலைப்பு வரியையும் தொடர்புப் பட்டியலையும் நாட்காட்டியையும் சேர்த்தே மூடுகிறது. 2024-ல் நாளைய குவாண்டம் கணினிகளின் தாக்குதலையும் தாங்கும் என்க்ரிப்ஷனையும் சேர்த்தார்கள். காகிதத்தில் பார்த்தால் டூட்டாவுக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

புழக்கத்தில் அப்படியில்லை. டூட்டாவில் ஐமேப் (மெயிலை வேறு செயலிகளில் திறக்க உதவும் பொது முறை) கிடையாது. தண்டர்பேர்ட் மாதிரியான செயலிகளில் அதைத் திறக்கவே முடியாது, அவர்களுடைய செயலிதான் கதி. ப்ரோட்டானில் பிரிட்ஜ் என்ற இடைமென்பொருள் போட்டால் கணினியில் திறக்கலாம், ஆனால் அது கட்டணம் செலுத்துபவர்களுக்கு மட்டும். இந்தத் தொந்தரவே வேண்டாம் என்பவர்களுக்கு பெர்லினின் மெயில்பாக்ஸ், போஸ்டியோ இரண்டும் சாதாரண ஐமேப்போடு நேர்மையாக நடக்கும் சேவைகள். போஸ்டியோவில் சொந்த டொமைனை (நாமே பதிவு செய்த இணையப் பெயர்) இணைக்க முடியாது என்பதால் அதை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

காரணம் இருக்கிறது. மெயில் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, நாளைக்கு அதை விட்டு வெளியேறுவது எவ்வளவு எளிது என்பதைத்தான். வங்கி, அலுவலகம், அரசு என்று நூறு இடத்தில் கொடுத்த முகவரியை மாற்றுவது பெரிய வேலை. சொந்த டொமைனில் முகவரி இருந்தால் சேவையை மாற்றினாலும் முகவரி அப்படியே இருக்கும். ப்ரோட்டான், டூட்டா இரண்டிலும் கட்டணத் திட்டத்தில்தான் இது கிடைக்கும். செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் இதற்குச் செலவழிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ப்ரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்குச் சாதாரணமாக ஒரு மெயில் போட்டால், அதன் நகல் கூகுளிடம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவும் ப்ரோட்டான், டூட்டா இரண்டுக்கும் பொருந்தும். 2021-ல் சுவிஸ் உத்தரவுப்படி ஒரு பிரெஞ்சுச் சூழலியல் ஆர்வலரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ப்ரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. 2020-ல் கொலோன் நீதிமன்றம், குறிப்பிட்ட ஒரு கணக்கில் புதிதாக வந்து விழும் என்க்ரிப்ஷன் இல்லாத மெயில்களைக் கண்காணிக்க வழி செய்யும்படி டூட்டாவுக்கு உத்தரவிட்டது. 'சுவிஸ்', 'ஜெர்மன்' என்ற அடைமொழிகளுக்கு விளம்பரத்தில் இருக்கும் எடை நீதிமன்றத்தில் இல்லை.

சரி, விபிஎன்: நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, தன் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. இங்கே அளவுகோல் வேறு: நம்மைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும்? இதில் ஸ்வீடனின் முல்வாடை யாரும் நெருங்குவதில்லை. பெயர், மெயில் எதுவும் கேட்பதில்லை. 16 இலக்க எண் ஒன்றே கணக்கு. மாதம் 5 யூரோ, நீண்ட காலத்துக்குக் கட்டினாலும் அதே விலை. உறையில் பணத்தைப் போட்டுத் தபாலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள். 2023 ஏப்ரலில் காவல்துறை தேடுதல் ஆணையோடு அவர்கள் அலுவலகத்துக்கு வந்து, எடுத்துப் போக எதுவும் இல்லாமல் திரும்பியது. அதே ஆண்டில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து நம் கணினிக்கு நேராக இணைப்பு வர வழிவிடும் வசதி) நிறுத்திவிட்டார்கள், அதனால் டொரண்ட்டில் கோப்புகளைப் பகிரும் ஆட்களுக்குக் கோபம். அவர்களுக்கு ப்ரோட்டான் விபிஎன்னின் கட்டணத் திட்டம் பொருந்தும். அதன் இலவசத் திட்டத்திலும் டேட்டா அளவுக் கட்டுப்பாடு இல்லை. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே இலவச விபிஎன் அதுதான்.

விளம்பரத்தில் அதிகம் பார்க்கும் பெயர்களைப் பற்றி: எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றும் கேப் டெக்னாலஜிஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். 2021-ல் விபிஎன்களை மதிப்பிட்டுத் தரவரிசை போடும் தளங்களையும் அது வாங்கியது. அப்புறம் அந்தத் தரவரிசைக்கு என்ன மதிப்பு?

மெயிலும் விபிஎன்னும் ஒரே ப்ரோட்டான் சந்தாவில் மலிவாகக் கிடைக்கும்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. என் மெயிலை வைத்திருப்பவருக்கு நான் போகும் தளங்களின் பாதையும் தெரிய வேண்டியதில்லை. ப்ரோட்டானில் மெயில், முல்வாடில் விபிஎன் என்பது என் தேர்வு. டூட்டாவை இலவசக் கணக்கில் சோதிப்பவர்கள் அவ்வப்போது உள்ளே நுழைந்து பாருங்கள். ஆறு மாதம் திறக்காத இலவசக் கணக்குகளை அவர்கள் நீக்கிவிடுவார்கள்.