குடை அனார்கலியா, நேர்கட் குர்த்தியா?

ஜார்ஜெட்டைத் தொட்டதும் கீழ்ப்பகுதி முழுவட்டமாக விரியும் குடை அனார்கலி தைக்கத்தான் கை பரபரக்கும். தைத்தபின் பீரோவிலேயே தொங்குவதும் அதுதான்.

துணி (44 அங்குல அகலம்):
அனார்கலி: இடுப்பு 32, கீழ்ப்பகுதி நீளம் 36 அங்குலம் என்றால் இடுப்பு வட்டத்தின் ஆரம் 5 அங்குலம். இரண்டு அரைவட்டங்களுக்கு 4.3 மீட்டர், மேல்பகுதிக்கும் கைக்கும் 1.25. லைனிங் தனி.
குர்த்தி: 42 அங்குல நீளத்துக்கு இரண்டரை மீட்டர் போதும்.

தையல்:
அனார்கலியில் அடிமடிப்பு மட்டும் ஆறரை மீட்டர் ஓடும். சோதனையே அங்கேதான். வட்டமாக வெட்டிய துணியில் இழைக்கு மூலைவாட்டாக (பயாஸ்) விழும் இடங்கள் மட்டும் தொங்கி நீளும். வெட்டிய கையோடு மடித்தால் ஓரம் அலையலையாக நிற்கும். இடுப்பில் இணைத்து, ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து சமன்செய்தபின் கால் அங்குலமாக மடியுங்கள்.
குர்த்தியில் கிழிவது ஸ்லிட் (பக்கவாட்டுத் திறப்பு) தொடங்கும் முனை. உள்ளே சின்னத் துண்டு வைத்து மூன்று முறை முன்னும் பின்னும் தைத்தால் நிற்கும்.

உடுத்த:
அனார்கலியோடு ஸ்கூட்டரில் ஏறினால் தெரியும்!
குர்த்தி ஆபீஸ், கடை எங்கும் போகும்.

வாரம் ஒருமுறையாவது போட வேண்டுமென்றால் குர்த்தி. வருடத்தில் நாலு விசேஷம் உறுதியென்றால் அனார்கலி. குடை வெட்டும் ஆசை மட்டும்தானா? ஐந்து வயதுக் குழந்தைக்குத் தையுங்கள். 17 அங்குலப் பாவாடைக்கு 1.1 மீட்டர் சதுரத்தை நான்காக மடித்து வெட்டினால் இணைப்பே இல்லாத முழுவட்டம் வந்துவிடும்.