பிளேடா, கேவிட்டி பேக்கா: உங்கள் மோசமான அடிக்கு எது துணை?

கோல்ஃப் அயர்ன்களை, அதாவது உலோகத் தலை கொண்ட, எண்ணிட்ட மட்டைகளை, வரிசையாக வைத்து அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் பிளேடைத்தான் எடுப்பார்கள். மெல்லிய மேல்விளிம்பு, சிறிய தலை, பளபளக்கும் எஃகு. டைகர் உட்ஸ் கையில் இருப்பதும் அந்த வகைதான். அந்த மயக்கத்தில், ஆடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே நானும் ஒரு பிளேடு செட் வாங்கினேன். பத்துப் பந்தில் இரண்டு அம்பு மாதிரிப் பறக்கும். மீதி எட்டும் உள்ளங்கையில் ஓர் அதிர்வைக் கொடுத்துவிட்டு கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் புல்தரைக்கு, வெகு முன்னாலேயே விழும். அந்த இரண்டின் நினைப்பிலேயே ஒரு வருடம் ஓடியது. அயர்ன் வாங்கும்போது கணக்கில் எடுக்க வேண்டியது அந்த எட்டைத்தான் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

பிளேடில் எடை, பந்தைத் தொடும் முகத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் திரண்டு நிற்கும். பந்து சரியாக நடுவில் பட்டால் அந்தத் தொடுகையின் சுகமே தனி. நுனிப்பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பட்டாலோ தலை முறுக்கிக்கொள்ளும்; தூரமும் போகும், திசையும் போகும். கேவிட்டி பேக்கில் பின்பக்கத்தைக் குடைந்து, மிச்சமாகும் எடையை விளிம்புகளுக்கு நகர்த்தியிருப்பார்கள். ஓரங்களில் கனம் இருப்பதால் தலை எளிதில் திரும்பாது. கயிற்றின் மேல் நடப்பவர் நீளமான கம்பை ஏந்துவதும் இதே காரணத்துக்காகத்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் நிறுவனத்தைத் தொடங்கி இந்த யோசனையை ஆட்டத்துக்குள் வேரூன்றச் செய்தார். 1982இல் வந்த பிங் ஐ2 அயர்ன்களை வைத்து இன்றும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிளேடுக்கும் நியாயம் உண்டு. பந்தை வேண்டுமென்றே வளைக்க, தாழ்வாக ஓட்ட, உயரப் புல்லுக்குள்ளிருந்து கிளப்ப அதன் குறுகிய அடிப்பாகம் வசதியானது. தவறாக அடித்தால் உடனே கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தகவலை வைத்து அடுத்த அடியைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவருக்குத்தான் அதனால் பயன். மற்றவருக்கு அது வெறும் கைவலி. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் கேவிட்டி பேக்கோடு ஆடும்போது, இருபது ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண்; குறையக் குறைய ஆட்டம் மேல்) வைத்திருப்பவர் பிளேடைத் தூக்குவதை வீம்பு என்றுதான் சொல்வேன்.

கேவிட்டி பேக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. தொடக்க ஆட்டக்காரர்களுக்கான பெரிய தலை வகையில் அடிப்பாகம் அகலமாக இருக்கும். பந்துக்கு முன்பே மண்ணில் பட்டாலும் உள்ளே புதையாமல் வழுக்கிச் செல்லும். செங்குத்தாக இறக்கி அடிப்பவருக்கு இது வரம். முகம் கழுத்தைவிடச் சற்றுப் பின்தள்ளி இருப்பதை ஆஃப்செட் என்பார்கள். முகம் நேராகத் திரும்ப இது கூடுதல் அவகாசம் தருவதால், வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் ஓடும் நோய் குறையும். ஏற்கெனவே இடப்பக்கம் இழுத்து அடிப்பவர் இதை வாங்கினால் நோய் முற்றும். திறமை குறைந்தவர்களுக்கெல்லாம் ஒரே மருந்து என்று கடைகளில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

அதிகம் ஏமாறுவது லோஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, விஷயத்தில். அயர்னின் எண் கூடக்கூடச் சாய்வும் கூடும், தூரம் குறையும். மரபான பிளேடு செட்டில் ஏழாம் நம்பர் அயர்ன் 34 அல்லது 35 டிகிரி சாய்வில் இருக்கும். இன்றைய பெரிய தலை அயர்ன்களில் அதே எண்ணுக்கு 28 முதல் 30 டிகிரி. “புது ஏழாம் நம்பரில் இருபது கெஜம் கூடுதலாகப் போகிறது” என்று பூரிப்பவர் உண்மையில் கையில் வைத்திருப்பது பழைய கணக்கில் ஆறாம் நம்பர், சில நேரம் ஐந்தாம் நம்பர். இதில் முழுக்க மோசடி இல்லை. எடை கீழே இருப்பதால் பந்து தானாக மேலே எழும்பும். அதை அடக்கச் சாய்வைக் குறைக்கிறார்கள். சிக்கல் செட்டின் இரு முனைகளிலும் வரும். குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் மட்டைகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி என்றால் இடையில் 13 டிகிரி ஓட்டை. 49, 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்கியே தீர வேண்டும். மறுமுனையில் நான்காம் நம்பரின் சாய்வு மிகவும் குறைந்து, வேகமில்லாத ஸ்விங்கில் பந்து எழும்பவே எழும்பாது. அங்கே பந்தை எளிதாக எழுப்பும் பருத்த தலை மட்டையான ஹைப்ரிட்தான் கைகொடுக்கும். பையில் 14 மட்டைகளுக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதால் இந்தக் கூட்டல் கழித்தலை வாங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

உள்ளே வெற்றிடம் விட்டு மெல்லிய முகம் பொருத்திய மூன்றாவது வகையும் உண்டு. 2017இல் வந்த டெய்லர்மேட் பி790 இதற்குத் தெரிந்த உதாரணம். பார்க்கப் பிளேடு, நடத்தையில் கேவிட்டி பேக். தடுமாற்றம் குறைந்து, பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஹேண்டிகேப் வந்தவருக்கு நல்ல சமரசம்.

ஃபோர்ஜ்டா (அடித்து உருவாக்கியது), காஸ்டா (உருக்கி வார்த்தது) என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. அடித்து உருவாக்கிய மென் எஃகை வளைத்து லோஃப்ட் கோணத்தையும், தண்டு தரையோடு சேரும் லை கோணத்தையும் திருத்துவது சுலபம் என்பது மட்டும் உண்மையான வசதி. அதைவிட மட்டையின் தண்டான ஷாஃப்ட் முக்கியம். ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை இருக்கும்; கிராஃபைட்டில் 50, 60 கிராமிலேயே கிடைக்கும். மூட்டுவலி இருப்பவரும் வேகம் குறைந்தவரும் கூச்சப்படாமல் கிராஃபைட் பக்கம் போகலாம்.

வாங்கும் முன் ஏழாம் நம்பரின் முகத்தில் பாதங்களுக்குப் போடும் பவுடரை மெல்லிதாகத் தெளித்துவிட்டு இருபது பந்து அடித்துப் பாருங்கள். தடங்கள் ஒரு நாணயத்தின் அளவுக்குள் அடங்கினால் பிளேடைப் பற்றி யோசிக்கலாம். என்னுடையது முகம் முழுக்கக் கோலம் போட்டிருந்தது. இப்போது என் பையில் ஆறாம் நம்பரிலிருந்து எல்லாமே கேவிட்டி பேக், மேலே இரண்டு ஹைப்ரிட். பழைய செட்டில் ஏழாம் நம்பரை மட்டும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிட்டேன். வாங்கிச் சென்றவர் ஆடத் தொடங்கி இரண்டாம் ஆண்டாம்.