எஃப்எல்டி3 மாற்றம்: பிசிஆரா, என்ஜிஎஸ்ஸா?

தீவிர மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் எஃப்எல்டி3 மரபணுவின் மாற்றத்தைக் கண்டறிய எந்தச் சோதனையை முதலில் கேட்பது? குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியை மட்டும் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரா, பல மரபணுக்களின் வரிசையை ஒருசேரப் படிக்கும் என்ஜிஎஸ்ஸா?

வேகம்: பெருக்கிய துண்டின் நீளத்தை அளக்கும் பிசிஆர் துண்டு நீள ஆய்வு ஓரிரு நாளில் முடிந்துவிடும்; என்ஜிஎஸ் முடிவுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேலாகும். எஃப்எல்டி3 மாற்றத்துக்கான மருந்தான மிடோஸ்டாரின் வழக்கமாகக் கீமோவின் 8ஆம் நாளில் தொடங்கப்படுகிறது. அதற்குள் விடை வேண்டாமா?

பரப்பு: பிசிஆர் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். என்ஜிஎஸ் டிபி53, ஐடிஎச்1 எனப் பல மரபணுக்களைச் சேர்த்தே படிக்கும்.

நீண்ட இரட்டிப்பு: சிக்கல் இங்கேதான். எஃப்எல்டி3 மரபணுவின் ஒரு பகுதி அடுத்தடுத்து இருமுறை வருவதே இரட்டிப்பு; அதன் நீளம் சிலரிடம் 100 காரங்களை, அதாவது டிஎன்ஏ எழுத்துகளை, தாண்டும். குறுந்துண்டுகளைப் பொருத்தும் என்ஜிஎஸ் மென்பொருள் அதைத் தவறவிடலாம். துண்டு நீள ஆய்வின் வரைபடத்திலோ அது இயல்பான உச்சத்துக்கு வலப்புறம் தனி உச்சமாக நிற்கும்.

செலவு: பிசிஆர் மலிவு.

மருந்தை உடனே முடிவுசெய்யப் பிசிஆர். நோயின் இடர்ப் பிரிவையும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டுமா என்பதையும் தீர்மானிக்க என்ஜிஎஸ். வசதியிருந்தால் ஒரே மாதிரியை இரண்டுக்கும் அனுப்புங்கள் என்பதே என் கட்சி.