விடியும்வரை ஒரு கூத்து, ஒன்றரை மணி நேரம் ஒரு கூத்து

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் ஒரு கோயில் வெளியில் காத்தவராயன் கூத்துப் பார்த்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடந்தது. பாயை விட்டு எழும்ப மனம் வரவில்லை. காத்தவராயனின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று ஆட்கள் மாறினாலும், ஒரே பிள்ளை கண்முன்னே வளர்ந்து வருவது போலவே இருந்தது. கழுமரம் ஏறும் கட்டத்தில் பின்காத்தான் ஒவ்வொரு படியிலும் நின்று பாடினார். உடுக்கு அடங்கிவிட்டது, ஆர்மோனியம் மட்டும் அவர் குரலுக்குக் கீழே மெல்ல இழைந்தது. எனக்கு முன்னால் இருந்த ஆச்சிக்குக் கதை முழுவதும் பாடம். அடுத்த வரியை அவருடைய உதடுகள் முந்திச் சொல்லின. ஆனாலும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தார்.

அடுத்த கிழமை ஒரு மண்டபத்தில் கோவலன் கூத்து. முல்லைத்தீவு மண்ணின் சொத்து அது. அதை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கியிருந்தார்கள். சிலம்பு விற்கப் போகும் கோவலன் கண்ணகியிடம் விடைபெறும் இடம் இரண்டே பாட்டில் முடிந்துவிட்டது. எனக்கு அது ஆறவில்லை. ஒலிவாங்கியை மத்தளத்துக்கு அருகில் வைத்ததால் பாதிப் பாட்டு காதில் விழவும் இல்லை. கண்ணகியாக ஆடிய இளைஞனின் காலில் மட்டும் தாளம் ஒருமுறையேனும் பிசகவில்லை. அவனை முழு இரவுக் கூத்தில் ஆடவிடுங்கள். பாயோடு முன்வரிசைக்கு வந்துவிடுகிறேன்.