மழை தின்ற புத்தகமும் கம்பெனி தின்ற புத்தகமும்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகர மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகரில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர் புதுசு இல்லை. வழக்கமாக வாசல்படியோடு திரும்பிப் போகும். அன்றைக்கு உள்ளே வந்து கட்டில்காலைக் கட்டிக்கொண்டது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம், இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி மேசைமேல் வைத்தோம், அம்மாவை எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பினோம். புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள் ஞாபகத்துக்கு வந்தபோது அவை மீன் தொட்டி ஆகியிருந்தன.

அடுத்த ஒரு வாரம் வீடு முழுக்கப் புத்தகக் கொடி. துணி கிளிப் போட்டு, ஃபேனுக்கு அடியில், பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாள் செருகி. ஒன்று கவனித்தேன். வழவழ தாளில் அச்சடித்த விலை உயர்ந்த பதிப்புகளெல்லாம் காய்ந்ததும் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன. பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். சாணித்தாள் என்று நாம் கேலி செய்யும் மலிவுப் பதிப்புகள் அப்பளம்போல் நெளிந்தன, நாறின, ஆனால் பக்கம் பக்கமாகப் பிரிந்து வந்தன. அறுபது புத்தகத்தில் பத்தொன்பது தேறியது.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "மாமா, இதுல ஆயிரம் புத்தகம் வெச்சுக்கலாம். அடுத்த வெள்ளத்துக்குப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு மாடி ஏறிடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு யோசனை. தாளா, கிண்டிலா, பூட்டில்லாத கோப்பா, நூலகமா? விலை, எடை, கண் வலி என்று இதற்கு ஏற்கெனவே நிறைய ஒப்பீடுகள் உண்டு. வெள்ளம் பார்த்தவன் கேட்கும் கேள்வி வேறு: இதை என்னிடமிருந்து யார் யார் பிடுங்க முடியும்?

கிண்டிலுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அம்மா பல வருடம் கழித்துக் கண்ணாடியைத் தேடாமல் ஒரு நாவலை முடித்தார். தாளில் மை போலத் தெரியும் மின்மைத் திரை என்பதால் கண் கூசாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். புயல் ராத்திரியில் அது கையில் இருந்திருந்தால் மெழுகுவர்த்தி மிச்சம். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கொண்டுவந்த பிறகு, பதிப்பாளர் வாசலில் காத்துக்கிடந்த எத்தனையோ பேர் தாங்களே புத்தகம் போட்டார்கள். அதில் சுமாரானவை நிறைய. அதனால் என்ன, அச்சில் வருவதும் எல்லாம் காவியமா?

சிக்கல் அந்த 'வாங்கு' பொத்தானில் இருக்கிறது. கிண்டில் கடையின் விதிமுறைகளைப் படித்தால், உங்களுக்கு எதுவும் விற்கப்படவில்லை, படிக்க உரிமம் மட்டும் தரப்படுகிறது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதாவது நான் வீடு வாங்கவில்லை, குடக்கூலிக்கு வந்திருக்கிறேன். மாதாமாதம் வாடகை கேட்காத வீட்டுக்காரர், அவ்வளவுதான். அவரிடம் ஒரு சாவி எப்போதும் இருக்கும்.

அந்தச் சாவியை அவர் ஒருமுறை பயன்படுத்தியும் காட்டினார். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளுக்குள்ளேயே புகுந்து இரண்டு புத்தகங்களை அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மை. அழிக்கப்பட்டவை ஜார்ஜ் ஆர்வெலின் புத்தகங்கள். அதில் ஒன்று 1984, வேண்டாத பழைய காகிதங்களை அரசாங்கம் ஒரு பொந்தில் போட்டு எரித்துவிடும் கதை. நாம் கற்பனையாக எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று வெட்டியிருப்பார்கள். பிறகு ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார், முட்டாள்தனம் என்று அவரே ஒப்புக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாரே தவிர சாவியைத் திருப்பித் தரவில்லை.

அக்கா மகள் தந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, அடுத்த செய்தி. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதி 2025 பிப்ரவரி 26 முதல் கிடையாது என்றார்கள். வேறு கருவியில் திறக்காதபடி பூட்டு போட்ட கோப்புதான் என்றாலும் அதுவரை ஒரு நகல் நம் கணினியிலும் தங்கும். இனி அதுவும் அவர்கள் வீட்டுப் பரணில்தான். உலகம் முழுக்கப் படிப்பாளிகள் ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு புத்தகமாக இறக்கிக்கொண்டிருந்த அந்த வாரம், எனக்கு நாங்கள் தண்ணீரில் நின்று புத்தகம் பொறுக்கியதுதான் ஞாபகம் வந்தது. இவர்களுக்கு வந்த வெள்ளத்துக்குத் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது, அந்த மட்டில் புண்ணியம்.

அமேசானை மட்டும் சொல்வது நியாயமில்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியது. மூடியதும் விற்றவையும் சேர்ந்து மறைந்தன. பணம் திரும்ப வந்தது, ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர். நீங்கள் யோசித்து எழுதிய குறிப்புகளுக்கு யாராவது இதுவரை விலை வைத்திருக்கிறார்களா? மைக்ரோசாஃப்ட் வைத்தது. என் பங்குக்கு நானும் ஏமாந்திருக்கிறேன். ஒலிநூல் செயலி ஒன்றில் ஆசையாகப் பதினொரு நூல் வாங்கினேன், பெயர் வேண்டாம். ஒரு நாள் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், நான்தான் போனை மாற்றிவிட்டேன்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், அது உரிமம்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இணையக் கடைகளின் தகிடுதத்தங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டது. மொத்தம் 13. 'கடைசி இரண்டு மட்டுமே பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கூடையில் நமக்குத் தெரியாமல் ஒன்றைச் செருகுவது, சந்தாவிலிருந்து வெளியே விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அதில் உண்டு. வாடகைக்கு விடுவதை விற்பனை என்று சொல்வது தனியாக இல்லை. இத்தனைக்கும், அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; அச்சிலும் வந்த மின்னூலுக்கு 2018இல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். சொந்தமானதற்கு வரி இல்லை, சொந்தமாகாததற்கு வரி. இந்தக் கணக்கை எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

தாளுக்கு வருவோம். மழை பிடுங்கும், கரையான் பிடுங்கும், 'ரெண்டு நாள்ல தந்துடறேன்' என்று வாங்கிப்போகும் நண்பன் நிச்சயமாகப் பிடுங்குவான். ஆனால் அச்சடித்தவர் மட்டும் வீட்டுக்குள் வந்து பிடுங்க முடியாது. விற்கலாம், தானம் கொடுக்கலாம், பேத்திக்கு எழுதி வைக்கலாம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணிக் குவியலுக்கும் செருப்புக் குவியலுக்கும் நடுவே தரையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்கள் அத்தனையும் இந்த ஒரு உரிமையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கிண்டில் புத்தகத்துக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736இலிருந்து 1761இல் இறக்கும்வரை நாள்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி பேரம் படிந்தது, துரை கோபித்துக்கொண்டார், துரைசானி அதைவிடக் கோபித்துக்கொண்டார் என்று கட்டுக்கட்டாக. அவர் போன பிறகு அது சும்மா கிடந்தது. 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டு, நகலெடுத்துப் பிழைத்தது. நடுவில் 85 ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. இதையே பிள்ளைவாள் ஒரு கூகுள் கணக்கில் எழுதியிருந்தால்? இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. அந்தக் கணக்கில் 1763இலேயே கதை முடிந்திருக்கும். 'உங்கள் கணக்கு அழிக்கப்பட இருக்கிறது' என்ற கடைசி எச்சரிக்கையும் செத்தவரின் மின்னஞ்சலுக்கே போயிருக்கும்.

மூன்றாவது ஆள், பூட்டில்லாத கோப்பு. இபப் என்ற மின்னூல் வடிவம், சாதாரண பிடிஎஃப், எந்தக் கருவியிலும் திறப்பது. எனக்கு அதிகம் பிடித்ததும், அதிகம் திட்டுவதும் இதைத்தான். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டு எழுத்தைத் தன்னார்வலர்களின் விரலால் தட்டச்சு செய்தே ஏற்றியது. எழுத்தாளர்களே மனமுவந்து, யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரும் நூல்களும் உண்டு. அப்புறம் அரசுடைமை. 1908இல் பிரிட்டிஷ்காரனிடமிருந்து தப்பி எங்கள் ஊருக்கு வந்து பத்து வருடம் வாழ்ந்த பாரதியின் எழுத்துகளை, 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னால் அது மக்கள் சொத்தானது. அதனால் இன்று பாரதி கவிதையை எந்தக் கம்பெனியும் என் கணினியிலிருந்து அழிக்க முடியாது. அழித்தாலும் பத்து நிமிடத்தில் இன்னொரு நகல் எடுத்துவிடலாம்.

திட்டுவது எதற்கு என்றால், புதுப் புத்தகம் இங்கே கிடைப்பது அரிது. கோணல்மாணலாக ஸ்கேன் செய்து, கட்டைவிரலும் சேர்ந்து பதிவான பக்கங்கள் ஏராளம். இன்றைய யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழ் எழுதப் பயன்பட்ட டிஸ்கி குறிமுறையில் நான் சேர்த்து வைத்த சில கோப்புகளைப் போன வாரம் திறந்தேன். எழுத்தெல்லாம் ஜிலேபி கடை. பூட்டில்லாததால் பிடுங்க ஆள் இல்லை, ஆனால் பராமரிக்கவும் நம்மைத் தவிர ஆள் இல்லை. பென் டிரைவ் செத்தால் யாரிடம் மன்னிப்பு எதிர்பார்ப்பது?

'பூட்டு இல்லாவிட்டால் திருடிவிடுவார்களே, எழுத்தாளர் சோற்றுக்கு என்ன செய்வார்' என்று கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். புத்தகக் காட்சியில் வெளியான நாவல் வாரம் முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வலம்வருகிறது. தாளை ஸ்கேன் செய்துதான் அதை எடுக்கிறார்கள். திருடுகிறவனுக்குப் பூட்டே தட்டுப்படுவதில்லை. காசு கொடுத்தவன் கையில்தான் விலங்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. நோக்கம் என்ற அந்தச் சொல் அங்கே இருப்பது ஆறுதல்தான். அதை நம்பி நீதிமன்றப் படி ஏற என்னால் ஆகாது.

மாதச் சந்தா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது தன்னை வாடகை என்றே சொல்லிக்கொள்கிறது, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் படித்த பக்கங்களை எண்ணித்தான் எழுத்தாளருக்குக் காசு போகிறது. நான் எந்தப் பக்கத்தில் தூங்கினேன் என்பது என் வீட்டில் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

என் முடிவு இது. அம்மாவின் வாசிப்புக்கும், ஒருமுறை படித்து மறக்கும் துப்பறியும் கதைகளுக்கும் கிண்டில், தொலைந்தால் அழமாட்டேன். திரும்பத் திரும்பத் தேடுவதைத் தாளில் வாங்குகிறேன், முடிந்தால் சாணித்தாளில், அலமாரியில் மூன்றாம் தட்டுக்கு மேலே. பழைய இலக்கியமெல்லாம் பூட்டில்லாத கோப்பாக இரண்டு பென் டிரைவில். ஒன்று என்னிடம், ஒன்று லாசுப்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில். லாசுப்பேட்டை மேடு, தண்ணீர் அங்கே போக யோசிக்கும்.

கைக்கு எட்டாத விலைக்கு, பாரதி பூங்கா பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் தொடங்கியது. அங்கே எடுக்கும் புத்தகம் எனக்குச் சொந்தமில்லை, அப்படி யாரும் சொல்லவுமில்லை. போன மாதம் ஒரு தடித்த வரலாற்று நூலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அந்த அம்மா அட்டையைப் புரட்டி முகவரியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி முகவரியைப் பார்த்தார்.

"ரெயின்போ நகரா சார்? மழைக்காலம் வருது. வீட்ல மேல வெச்சுப் படிங்க."